மிளகுக் கிட்டங்கியில் பதின்மூன்று நிமிஷம்

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு புளியங்குடியில் என்னவெல்லாம் செய்தேன் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எலுமிச்சை மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டே ரேடியோ ரிப்பேர் கற்றேன். கற்றுக்கொடுத்த ஆள் கிடையாது. எங்கள் தெருவின் முதல் மைக் செட் என்னுடையது. தண்ணீர்க் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நாற்பதடிக்கு ஆண்டெனா நிறுத்தி, நம் ஊர் டிவியே தெரியாத காலத்தில் இலங்கை டிவியைப் பிடித்துக் காட்டினேன். காற்றில் அது பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் விழுந்தது. ஓட்டையும் மாற்றிக் கொடுத்து ஆண்டெனாவையும் மறுபடி நிறுத்தினேன். டிராக்டர் இன்ஜினில் ஜெனரேட்டரைக் கட்டி, கரண்ட் எட்டிப்பார்க்காத மலையடிவார ஊர்களில் கல்யாண வீடியோ எடுத்தேன். முன்னூறு வீட்டுக்குக் கேபிள் இழுத்தேன். "இவன் கம்பத்தில் ஏறி என்னத்தைக் கிழிக்கப்போகிறான்" என்றவர் வீட்டுக்கும் நான்தான் இழுத்தேன். இங்கிலீஷில் என் பெயரை மட்டும் எழுதத் தெரியும். இதுவரை அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இவ்வளவும் செய்தவன் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போய் ஐந்து நாள் என்ன செய்தேன் என்று இப்போது எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் என் தங்கை வள்ளி போன் பண்ணினாள். மட்டாஞ்சேரியில் முனிசிபல் துப்புரவுத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மாப்பிள்ளை காலமான பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள்.

"அண்ணே, இசக்கிக்கு ஒரு வீடியோ எடுக்கணும். டெக்கைத் தூக்கிட்டு ஒடனே வா."

இசக்கி அவள் மகள். முப்பத்து நாலு வயசு. மிளகு வியாபாரம் செய்யும் ஒரு சேட்டின் கிட்டங்கியில், அதாவது குடோனில், டைப் அடிக்கிற வேலை.

"கல்யாணமா?" என்றேன்.

"அதுதான் வேண்டாம்னுட்டாளே. கம்ப்யூட்டரை வீடியோ எடுக்கணுமாம்."

போனை இசக்கி வாங்கி விளக்கினாள். கிட்டங்கி மாடியில் டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு விளையாட்டு. தலையில் விளக்குக் கட்டிய குள்ளன் சுரங்கத்துக்குள் இறங்குவான். பன்னிரண்டு அறைகளை ஓடியும் தாவியும் கடந்து, கடைசி அறையில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். பத்து வருஷமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவள் அதைத்தான் ஆடுகிறாள். வெளிநாட்டில் ஒரு கூட்டம், எந்தப் பழைய விளையாட்டை யார் எத்தனை நிமிஷத்தில் முடித்தார்கள் என்று இன்டர்நெட்டில் பட்டியல் போடுகிறதாம். இந்தக் குள்ளனைப் பதினாலு நிமிஷத்தில் மேலே கொண்டுவந்தவன் ஒரு பனி நாட்டுக்காரன், அவன்தான் முதல். இசக்கி பதினாலுக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். ஆனால் பார்த்தவர் யாரும் இல்லை. வீடியோ டேப்பில் பிடித்துத் தபாலில் அனுப்பினால்தான் நம்புவார்கள்.

"புதுக் கம்ப்யூட்டர்ல ஆடக் கூடாதா?"

"அதில எமுலேட்டர்னு ஒண்ணு உண்டு மாமா. பழைய பெட்டி மாதிரி நடிக்கும். அது பற்றில்ல, சரிப்படாது. வேகத்தைக் குறைச்சு ஏமாத்தலாம்னு ஒத்துக்க மாட்டாங்க. அசல் பெட்டிதான் வேணும்."

சரிதானே. மணமேடையில் பெண்ணுக்குப் பதிலாகப் பெண் மாதிரி நடிக்கிற ஒருத்தியை உட்கார வைத்தால் நான் படம் எடுப்பேனா?

அவசரம் என்னவென்றால், சேட்டு அந்த மாடியைப் பழம்பொருள் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் காலியாக வேண்டும். பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போகலாமென்றால், அது அசைத்தால் எழுந்திருக்காத ஜாதி. முன்பு வெள்ளையடிக்க ஒரு முழம் நகர்த்தியதற்கு மூன்று வாரம் செத்துக் கிடந்ததாம். வேறு பெட்டியும் ஊரில் மிச்சமில்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போயாயிற்று. ஆக, அந்த மேஜையில், அந்தப் பெட்டியில், திங்கள் ஒன்பது மணிக்குள். தவறினால் பத்து வருஷமும் போச்சு.

என்னிடம் டெக் இருந்தது. கம்ப்யூட்டர் படத்தை டேப்பில் ஏற்றுகிற சின்ன டப்பாவும் இருந்தது. கல்யாண கேசட்டில் மணமக்கள் பெயரை எழுத்தாக விழவைக்க வாங்கியது. தென்காசிப் பக்கம் அப்போது அதை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை எர்ணாகுளம் படகுத் துறையில் மட்டாஞ்சேரிப் படகு என்று நான் ஏறியது வைப்பின் படகு. பலகையில் இருந்த மலையாள எழுத்து தமிழ் மாதிரியே இருந்ததால் நம்பி ஏறினேன். வைப்பினில் இறங்கியதும் வெள்ளைச் சட்டைக்காரர் இருவர் ஓடிவந்து என் டெக்கைப் பறித்துக்கொண்டார்கள். "எத்தர நேரமாயி சேட்டா! அச்சன் காத்து நிக்குது!" என்று ஒருவர் கத்தினார். இவ்வளவு நேரமா அண்ணே, பாதிரியார் காத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வரவேண்டிய வீடியோக்காரர் வரவில்லை. வீடியோ டெக்கோடு இறங்கியவன் நான். என்ன சொல்லியும் கேட்காமல் சர்ச் வாசல்வரை கொண்டுபோய், டெக்கை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "கேமரா எவிடே?" என்று கேட்டபோதுதான் அவர்களுக்கே சந்தேகம் வந்தது.

அதற்காக விரட்டிவிடவில்லை. ஆப்பமும் தேங்காய்ப்பால் மீன் குழம்பும் போட்டார்கள். எங்கள் ஊரில் தவறாக வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. இங்கே தண்ணீரும் கிடைத்தது, இளஞ்சிவப்பாக. கழுவின தண்ணீரோ என்று தயங்கினேன். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்ததாம், சுடச்சுடக் குடிக்கிறார்கள். பதிலுக்கு அவர்களுடைய மைக் செட்டின் இரைச்சலை நிறுத்திக் கொடுத்தேன். எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தது, வேறொன்றுமில்லை. மட்டாஞ்சேரி சேரும்போது மணி நாலு.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் தும்மினேன். கீழ்த்தளத்தில் மிளகைப் புடைக்கும் மெஷின் ஓடுகிறது. காற்றில் பாதி மிளகு. பதினொரு தும்மல். அங்கே சுமை தூக்குகிறவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து எண்ணினார்கள். அவர்களுடைய யூனியன் தலைவர் வறீது என்கிற பெரிய மீசைக்காரர். "புது ஆள்களுக்கு ஏழு, எட்டுதான் வரும். சேட்டன் கொள்ளாம்," என்றார். கொள்ளாம் என்றால் தேவலை என்று பாராட்டு. எங்கே போனாலும் எனக்கு அது கிடைத்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பம். டப்பாவைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டெக்கில் படம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருந்தது. இந்த விளையாட்டு ஆரம்பித்ததும் திரையின் துடிப்பு மாறிவிடுகிறது, அதை டப்பாவால் பிடிக்க முடியவில்லை. படித்தவனாக இருந்தால் புத்தகத்தைத் தேடியிருப்பான். நான் டப்பாவை அணைத்தேன், விளையாட்டு ஆரம்பித்த பிறகு போட்டேன். படம் நின்றது. தூங்கி எழுந்தவன் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறானோ அதுதான் அவனுக்கு நினைவிருக்கும். டப்பாவும் அப்படித்தான்.

ஆனால் இசக்கி ஆட உட்கார்ந்தால், கீழே மெஷின் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் அணைந்தது. நாலு தடவை. ஐந்தாவது தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பெட்டியின் முகத்தில் ஒரு பொத்தானைப் பார்த்தேன். "டர்போ என்றால் என்ன?" என்று கேட்டேன்.

"வேகம் கூட்டறது மாமா," என்றாள் திரும்பாமல்.

வேகத்துக்காகத்தானே இவ்வளவு பாடு. அப்புறம் ஏன் இதை அமுக்காமல் விட்டிருக்கிறாள்? மறந்திருப்பாள் என்று நானே அமுக்கினேன். குள்ளன் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து சுவரில் மோதிக் குழியில் விழுந்தான். அடுத்த குள்ளனும் விழுந்தான். மூன்றாவது குள்ளன் வருவதையே நான் பார்க்கவில்லை, விழுந்ததைத்தான் பார்த்தேன்.

இசக்கி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "மாமா, ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

"எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும். நீங்க குடிக்கணும்."

சனிக்கிழமை மத்தியானம், மெஷின் நின்ற சாப்பாட்டு நேரத்தில், நடந்தது. பதின்மூன்று நிமிஷம் நாற்பது விநாடி! மணி அடித்ததும் இசக்கி மேஜையில் தலையைச் சாய்த்தாள். நான் டேப்பை வெளியே எடுத்து முத்தமிட்டேன். வீட்டில் வள்ளி கப்பைக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். அந்தத் தெம்பில்தான் அடுத்த வேலையைச் செய்தேன். அதை மறைக்க மாட்டேன்.

பள்ளுருத்தியில் எனக்குப் பழக்கமான கல்யாண வீடியோக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கடைக்கு டேப்பை எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இழுவை. குள்ளன் நடக்கிறான், நடக்கிறான், ஏணியில் ஏறுகிறான், மறுபடி நடக்கிறான். இப்படியே கொடுத்தால் எந்த வீட்டில் பார்ப்பார்கள்? முப்பது வருஷத் தொழில்காரன் இதைச் சும்மா அனுப்பலாமா? நடக்கிற இடங்களைக் கத்தரித்தேன். சும்மா நிற்கிற இடத்தையெல்லாம் எடுத்தேன். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர், பின்னால் நாதஸ்வரம், மணி அடிக்கும்போது திரை இதயமாகி மூடும்படி ஒரு மிக்ஸிங். முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது நிமிஷம்தான்! பனி நாட்டுக்காரனைவிட ஐந்து நிமிஷம் குறைவு.

பிறகு மூல டேப்பை அழித்தேன். இது என் தொழில் நேர்மை. கேசட்டை முடித்துக் கொடுத்த பிறகு மூல டேப்பைச் சாட்சி வைத்து அழித்துவிடுவேன். என் கடையிலிருந்து எந்த வீட்டுப் பெண்ணின் முகமும் இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. புளியங்குடியில் யாரையும் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புட்டும் கடலையும் சாப்பிட்டு முடித்ததும், பக்கத்து வீட்டு டெக்கில் போட்டுக் காட்டினேன். கிட்டங்கிக்கு அன்று விடுமுறை, பூட்டியிருந்தது. வள்ளி ரோஜாப்பூவைப் பார்த்து, "நல்லா இருக்கு அண்ணே," என்றாள். இசக்கி கடைசிவரை பார்த்தாள்.

"மாமா, எட்டாம் அறை எவிடே?"

"அதுல சும்மா நிக்கான். எடுத்துட்டேன்."

"சும்மா நிக்கலை. பாறை விழறதுக்குக் காத்து நிக்கான். பாறை விழும்போ அது மேல சாடி, அடுத்த அறைக்குப் போவான். லோகத்தில அது வேற ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒரு சாட்டத்துக்கு ஞான் மூணு வருஷம் படிச்சேன்."

"ஒன்பது நிமிஷம் இசக்கி! உலகத்துல எவன் ஓடியிருக்கான்?"

"ஒருத்தனும் ஓடலை. ஞானும் ஓடலை. நீங்க மட்டும்தான் மாமா, கத்தரிக்கோலைப் பிடிச்சு ஓடியிருக்கீங்க."

வெட்டாமல், தொடர்ச்சியாக, உள்ளது உள்ளபடி இருந்தால்தான் அந்தக் கூட்டம் ஏற்றுக்கொள்ளுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னேன் என்கிறாள். சொல்லியிருக்கலாம், நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"பழைய டேப்பு?"

"அழிச்சாச்சு. கடைக்காரர் சாட்சி."

அவள் எழுந்துபோய் அடுக்களைத் திண்டில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினாள். வள்ளி என் காதுக்குள், "அழுதாத் தேத்திருவேன் அண்ணே. இது விரலைச் சொடுக்குது. இவ அப்பா முனிசிபாலிட்டியில ஸ்டிரைக்குக்கு முந்தின நாள் இப்படித்தான் இருப்பார்," என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு வைத்தார்கள், மீன் வைக்கவில்லை. மீன் அடுப்பில்தான் இருந்தது, வாசனை வந்தது.

திங்கள்கிழமை ஆறரைக்கு நானும் இசக்கியும் கிட்டங்கிக்குப் போனோம். வறீதும் ஆட்களும் எங்களுக்கு முன்பே வந்து மாடியைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த மர அலமாரி போய்விட்டது. நல்ல வேளையாகக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஆனால் கீழே மிளகு மெஷின் அலறிக்கொண்டிருந்தது. வெலிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு அன்றைக்கே சரக்குப் போக வேண்டுமாம்.

இசக்கி வறீதிடம் போய், பதினைந்து நிமிஷம் மெஷினை நிறுத்தச் சொன்னாள். முடியாது என்றார். தனியாக அவர் முடிவெடுக்க முடியாதாம். கமிட்டி கூட வேண்டும். அங்கேயே மூட்டைகளின்மேல் ஆறு பேர் உட்கார்ந்து கமிட்டி கூடினார்கள். எங்கள் ஊரில் ஒருவர் காலில் விழுந்தால் முடிகிற காரியம் இங்கே கூட்டம் போட்டுத்தான் நடக்கிறது.

"எந்தா காரியம்? விளக்கிச் சொல்லு," என்றார் வறீது.

இசக்கி குள்ளனைப் பற்றிச் சொன்னாள். சுரங்கத்தில் இறங்குவது, பாறை விழுவது, வெளியே வருவது எல்லாம்.

"நில்லு, நில்லு. சுரங்கத்திலயா? அப்போ இவன் தொழிலாளியானோ?"

"அதே சேட்டா, தொழிலாளிதான்."

"முதலாளி எவிடே?"

"விளையாட்டில வரமாட்டார்."

"அதெங்ஙனே வருவான்!" என்று ஒரு கிழவர் மூட்டையில் குத்தினார். "பாறை விழும்போ எந்த முதலாளி வந்திருக்கான்?"

"யூனியன் உண்டோ?"

"ஒத்தைக்குத்தான் இறங்குவான்."

கமிட்டி தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தது. பிறகு வறீது எழுந்து தீர்ப்பு சொன்னார். தனியாகச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட தொழிலாளி வெளியே வரும்வரை மெஷின் ஓடாது. ஆனால் அவன் வந்தானா என்று கமிட்டி நேரில் பார்க்கும். மெஷின் நின்றது. ஆறு பேரும் மாடிக்கு ஏறி எங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

இசக்கி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். கம்ப்யூட்டர் எழுந்தது, உடனே செத்தது. மறுபடி எழுந்தது, செத்தது. "அசைச்சீங்களா?" என்று வறீதைப் பார்த்து அலறினாள். அவர் தன் தாயின்மேல் ஆணை வைத்தார். நான் மேஜைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். பிளக் சுவரிலிருந்து பாதி வெளியே தொங்கியது. ஓட்டை தேய்ந்துபோன பழைய பாயிண்ட். பத்து வருஷமாக அந்த அலமாரிதான் முதுகால் பிளக்கை அழுத்திப் பிடித்திருக்கிறது. அது போனதும் பிடிப்பும் போயிற்று. டெக்கைச் செருகிய பாயிண்டுக்குக் கம்ப்யூட்டர் ஒயர் எட்டாது, வேறு பாயிண்ட் தேட நேரமில்லை.

"நீ ஆடு. நான் பிடிச்சுக்கிடுதேன்," என்றேன்.

டப்பாவையும் டெக்கையும் ஓடவிட்டு, சுவரோரம் மல்லாந்து படுத்து, பிளக்கை இரண்டு கையாலும் அழுத்தினேன். விரல் நுனியில் கரண்ட் லேசாக எறும்பு மாதிரி ஊர்ந்தது. திரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இசக்கியின் பாதமும் ஆறு ஜோடி கால்களும்தான். இரண்டாவது நிமிஷத்தில், அலமாரி இருந்த இடத்து மிளகுத் தூசி மெதுவாக இறங்கி என் மூக்குக்கு வந்தது.

அன்பர்களே, கம்பத்தில் ஏறியிருக்கிறேன், இடி மின்னலில் ஆண்டெனாவைப் பிடித்து நின்றிருக்கிறேன். அந்தத் தும்மலைப் பிடித்தது மாதிரி எதையும் பிடித்ததில்லை. தும்மினால் கை அசையும். அசைந்தால் பெட்டி சாகும். உதட்டைக் கடித்தேன். அண்ணாக்கில் நாக்கை அழுத்தினேன். என் வாழ்க்கையில் எனக்குத் துரோகம் செய்தவர்களை வரிசையாக நினைத்தேன். கண்ணில் நீர் வந்தது, தும்மல் வரவில்லை. மேலே ஒருவர் கிசுகிசுத்தார், "இப்போ எத்தனாவது அறை?"

"எட்டு."

பொத்தான்களின் டக் டக் நின்றது. இசக்கியின் கால் கட்டைவிரல் தரையை அழுத்தியது. காத்து நிற்கிறான் என்று புரிந்தது. நானும் குள்ளனும் சேர்ந்து காத்து நின்றோம்.

"ஐயோ மோனே, மாறு! பாறை!" என்று குள்ளனை விலகச் சொல்லி வறீது கத்திவிட்டார்.

"மிண்டாதே!" என்றாள் இசக்கி. பேசாதே என்று அர்த்தம். கால் தளர்ந்தது. அவன் தாவிவிட்டான் என்று ஆறு பேரின் மூச்சு வெளியே வந்ததில் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மணி கேட்டது. கிணுங் என்று ஒரு சின்னச் சத்தம், பொம்மைக் கடை மணி மாதிரி.

"பதின்மூணு இருபத்தொண்ணு," என்று இசக்கி திரையில் விழுந்த நேரத்தைப் படித்தாள். "டெக்கை நிறுத்தலாம் மாமா."

நான் தும்மினேன். முதல் தும்மலிலேயே பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, திரை கறுத்தது, பெட்டி செத்தது. பரவாயில்லை, எல்லாம் டேப்பில் விழுந்தாயிற்று. மொத்தம் பதினேழு தும்மல். யாரும் எண்ணவில்லை, நானே எண்ணினேன். கமிட்டி கை தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரட்சப்பெட்டு," என்றார். தப்பித்துவிட்டான் என்று.

நான் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பழக்க தோஷத்தில் டெக் பக்கம் கையை நீட்டினேன். அதற்குள் இசக்கி டேப்பை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு, பையை நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வறீதின் ஆட்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கடைசியாக எடுத்தார்கள்.

டேப் தபாலில் போனது. ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் இசக்கி முதல், பனி நாட்டுக்காரன் இரண்டாவது. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்காரர் அந்தப் பக்கத்தை எடுத்து வரி வரியாகத் தமிழில் சொன்னார். மிளகுக் கிட்டங்கித் தொழிலாளர் கமிட்டிக்கு நன்றி என்று போட்டிருக்கிறது. புட்டு செய்து கொடுத்த அம்மாவுக்கு நன்றி என்று போட்டிருக்கிறது. டப்பாவைப் பற்றிக்கூட ஒரு வரி. கடைசியில், "இதற்கு முந்தைய டேப்பை என் தாய்மாமன் அழித்துவிட்டார்" என்று போட்டிருக்கிறது.

இசக்கிக்குப் போன் பண்ணினேன். "உள்ளது உள்ளபடிதானே மாமா எழுதியிருக்கேன்," என்கிறாள்.

இல்லை அம்மா, உள்ளதில் பாதிதான் எழுதியிருக்கிறாய். அழித்ததை எழுதினாய், பிடித்ததை எழுதவில்லை. காது குத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனாலே எங்கள் பக்கம் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவார்கள். இது உலகம் பார்க்கிற பத்திரிகை. இதைப் படிக்கிறவர்களில் இங்கிலீஷ் தெரிந்த யாராவது அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் ஒரு கடிதம் எழுத வேண்டும். அழித்த வரியை எடுக்கச் சொல்ல வேண்டாம், அது இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்: சுவரில் பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது, தாய்மாமன், புளியங்குடி ஆ. சுடலைமுத்து. மணி அடிக்கும்வரை தும்மவில்லை.